ஏ.எஸ். உள்ள முதுகில் ஒரே ஒரு டிஸ்க் மட்டும் சிதைந்து தெரிந்தால்: அழற்சியா, விரிசலா, கிருமியா?

#1 குளக்கரை_மயிலை

ருமட்டாலஜி, ஸ்கேன் விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (ஏ.எஸ்., அழற்சியால முதுகெலும்பு மெல்ல ஒட்டிப்போற நோய்) 15 வருஷத்துக்கு மேல இருந்து முதுகு பெரும்பாலும் ஒட்டிப்போன ஒருத்தருக்கு, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "டி11–டி12 டிஸ்க்கின் இருபுறமும் எண்ட்பிளேட் அரிப்பு, மஜ்ஜை வீக்கம்; ஆண்டர்சன் லீஷனா, தொற்றா என்று பார்க்கவும்" என வந்தால் அடுத்து என்ன செய்யணும்? (டி11, டி12 நெஞ்சுப் பகுதியின் கடைசி இரண்டு முள்ளெலும்பு; எண்ட்பிளேட் டிஸ்க்கைத் தொடும் முள்ளெலும்புப் பரப்பு; லீஷன்னா பாதிப்பு.) இது சாதாரண டிஸ்க் தேய்மானத்திலிருந்து எப்படி வேறு? எதிர்ப்பாற்றலை அடக்கும் ஊசி மருந்தை உடனே ஆரம்பிக்கலாமா?

#2 மூட்டுவாதம்_கீழ்ப்பாக்கம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: உடனே ஆரம்பிக்கக் கூடாது.

ரிப்போர்ட் இரண்டு சாத்தியங்களைச் சொல்கிறது. உண்மையில் மூன்று. ஒன்று, ஏ.எஸ். நோயின் அழற்சியே டிஸ்க்கையும் அதை ஒட்டிய எலும்பையும் தாக்குவது. இரண்டு, ஒட்டிப்போன முதுகில் விரிசல் விழுந்து, சேராமல் அந்த இடம் ஆடிக்கொண்டே இருப்பது. மூன்று, காசநோய் அல்லது வேறு பாக்டீரியா. முதல் இரண்டையும் சேர்த்துத்தான் ஆண்டர்சன் லீஷன் என்கிறோம். ஆண்டர்சன் என்ற ஸ்வீடன் மருத்துவர் 1937-இல் விவரித்தது. ஒரே பெயரில் இரண்டு வேறு நோய் நடப்பதுதான் குழப்பத்துக்கெல்லாம் வேர்.

மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றுக்கொன்று நேர் எதிர். அழற்சிக்கு உடம்பை அசைக்க வேண்டும், எதிர்ப்பாற்றலை அடக்கும் ஊசி போட வேண்டும். விரிசலுக்கு அசைவை நிறுத்த வேண்டும், ஊசியால் பயனில்லை. கிருமிக்கு அந்த ஊசி ஆபத்து. அதனால்தான் பெயர் தெரியாமல் மருந்து எழுதக் கூடாது என்கிறேன்.

தேய்மானம் வேறு கதை. அது வழக்கமாக எல்4–எல்5, எல்5–எஸ்1 போன்ற அதிகம் அசையும் கீழ் இடுப்பில் வரும். ஆண்டர்சன் லீஷன் பெரும்பாலும் நெஞ்சும் இடுப்பும் சேரும் இடத்தில், டி10 முதல் எல்1 வரை. மேலே விலா எலும்புகளோடு ஒட்டிய நெஞ்சுப் பகுதி, கீழே இடுப்புப் பகுதி, இரண்டுக்கும் நடுவில் நெம்புகோலின் தாங்குபுள்ளி மாதிரி அந்த இடம்.

வலியின் குணத்தைக் கேட்டாலே பாதி வழி தெரிந்துவிடும். அழற்சி வலி விடியற்காலை எழுப்பும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கும், நடக்க நடக்கக் குறையும். விரிசல் வலி அதற்குத் தலைகீழ்: எழுந்து நின்றால், வண்டியில் போனால், இருமினால் கூடும், படுத்தால் குறையும். பல வருஷமாக முதல் வகை வலியோடு பழகியவருக்கு ஒரு நாள் இரண்டாம் வகை வந்தால், "பழைய நோய் மறுபடி கிளம்புது" என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. ஒட்டிப்போன முதுகில் புதிதாக, ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டும்படியான வலி வந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை அதை விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக விழுந்திருக்க வேண்டியதில்லை. குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தது போதும். சிலருக்கு விழுந்ததாகவே நினைவிருக்காது.

கிருமி வலிக்கு நேரம் காலம் இல்லை. ஓய்விலும் இருக்கும், இரவிலும் இருக்கும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை சேர்ந்திருந்தால் சந்தேகம் கூடும். இல்லாவிட்டாலும் காசநோயை விலக்க முடியாது. முதுகெலும்புக் காசநோய் பல மாதம் வெறும் வலியாகவே இருக்கும்.

#3 குளக்கரை_மயிலை

நன்றி டாக்டர். இரத்தத்துல அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டும் கூடியிருந்தால் அது கிருமின்னு எடுத்துக்கலாமா?

#4 மூட்டுவாதம்_கீழ்ப்பாக்கம்

முடியாது. ஏ.எஸ். அழற்சியிலேயே இரண்டும் கூடும். விரிசலில் ஓரளவு கூடலாம். எண் ஒன்றை வைத்து முடிவெடுக்காமல் அதே நபரின் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். வழக்கமாக 8, 10 என்று இருப்பவருக்குத் திடீரென 90 வந்தால் காரணம் தேடியாக வேண்டும். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுச் சோதனை பாசிட்டிவ் என்பதும் இந்த இடத்தில் உதவாது. அது ஏ.எஸ். வரும் வாய்ப்பு கூடுதல் என்று மட்டும் சொல்லும். இந்த டிஸ்க்கில் என்ன நடக்கிறது என்று சொல்லாது.

#5 படம்_படிப்பவள்

ஸ்கேன் பக்கத்தை நான் சொல்கிறேன். பாதித் தவறு படம் எடுக்கும் முன்பே நடந்துவிடுகிறது.

எக்ஸ்ரே: "டார்சல் ஸ்பைன்", "லம்பார் ஸ்பைன்" என்று இரண்டு தனிப் படம் எழுதினால் டி12–எல்1 இரண்டிலும் ஓரத்தில் போய் மங்கிவிடும். "டி12-ஐ நடுவில் வைத்து, பக்கவாட்டிலும் நேராகவும்" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் படத்தில் எண்ட்பிளேட் அரித்து ஒழுங்கில்லாமல் இருக்கும். அதைச் சுற்றி எலும்பு வெண்மையாக இறுகியிருக்கும். டிஸ்க் இடைவெளி சில சமயம் குறையும், சில சமயம் அகலும்.

எம்.ஆர்.ஐ.: எஸ்.டி.ஐ.ஆர். என்ற பட வரிசை இல்லாத எம்.ஆர்.ஐ. இந்தக் கேள்விக்கு அரைகுறைதான். (இங்கே டி1, டி2 என்பவை எம்.ஆர்.ஐ. பட வகைகள், முள்ளெலும்பு எண்கள் அல்ல.) சாதாரண டி2 படத்தில் கொழுப்பும் வெளுப்பாகத் தெரியும், மஜ்ஜை வீக்கமும் வெளுப்பாகத் தெரியும், எஸ்.டி.ஐ.ஆர். கொழுப்பை அணைத்துவிடும், மிஞ்சுவது வீக்கம். அதோடு டி1 படம். முதுகெலும்பு முழுவதையும் ஒரே முறையில் எடுக்க வேண்டும். வலிக்கிற இடத்தை மட்டும் எடுத்தால், நான்கு இடத்தில் அழற்சி இருப்பதும் தெரியாது, தள்ளி இன்னொரு விரிசல் இருப்பதும் தெரியாது. சாகிட்டல் (பக்கவாட்டுப் பார்வை) வெட்டுகள் நடுவோடு நின்றுவிடாமல் இருபக்கமும் ஃபேசட் எனும் பின்பக்கச் சிறு மூட்டுகளும் விலா மூட்டுகளும் வரும் வரை போக வேண்டும். இதை டெக்னீஷியனிடம் முன்பே சொல்லாவிட்டால் வழக்கமான 'எல்.எஸ். ஸ்பைன்' எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கூன் விழுந்தவர் மேசையில் நேராகப் படுக்க முடியாது. தலைக்கும் தோளுக்கும் அடியில் ஆப்புத் தலையணை, முழங்காலுக்கு அடியில் இன்னொன்று வைத்து, அவருடைய வளைவிலேயே படுக்க வையுங்கள். தலையைத் தட்டையாக அழுத்தவே கூடாது. அப்பாயிண்ட்மெண்ட் வாங்கும்போதே "கூன் இருக்கு, கழுத்து அசையாது" என்று சொல்லிவிட்டால் நேரம் கூட்டி ஒதுக்குவார்கள்.

இனி படத்தில் என்ன பார்ப்பது. அழற்சி வகையில், டிஸ்க்கை ஒட்டி மேல் கீழ் முள்ளெலும்புகளில் அரைவட்ட வடிவில் வீக்கம் இருக்கும், எஸ்.டி.ஐ.ஆர்.-இல் வெளுத்து, டி1-இல் கறுத்து. வேறு முள்ளெலும்புகளின் மூலைகளிலும் இதே போன்ற சிறு வெளுப்பு இருந்தால் அது ரோமானஸ் லீஷன், ஏ.எஸ்.-இன் சொந்தக் கையெழுத்து. டிஸ்க்குக்குள் சீழ் போன்ற திரவம் இராது. பக்கத்துத் தசையில் கட்டி இராது.

கிருமி வகையில், டிஸ்க்குக்குள் திரவ வெளுப்பு, எண்ட்பிளேட் கோடு அழிந்து போதல், முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசையிலோ முதுகுத்தண்டைச் சுற்றியோ சீழ்க்கட்டி. காசநோய் என்றால் தசைநாருக்கு அடியில் பல முள்ளெலும்பு தூரம் ஊர்ந்து போகும், டிஸ்க்கைக் கொஞ்ச நாள் விட்டுவைக்கும், கட்டியின் சுவர் மெல்லிசாக ஒழுங்காக இருக்கும். காண்ட்ராஸ்ட் போட்டால் மூன்று வகையிலுமே வெளுப்பு கூடும். ஆனால் கட்டியின் எல்லை தெரிய அது உதவும். போடும் முன் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்க்க வேண்டும்.

டிஸ்க்குக்குள் வாயு தெரிந்தால் அது கிருமிக்கு எதிரான சாட்சி. அந்த இடம் இயந்திரரீதியாக ஆடுகிறது என்று பொருள்.

#6 முள்ளெலும்பு_அறுவை

மேடம் சொன்னதில் ஒன்றே ஒன்றை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். விரிசல் வகையை எம்.ஆர்.ஐ. மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெல்லிய வெட்டு சி.டி. எடுங்கள், 1 மி.மீ., எலும்பு தெளிவாகத் தெரியும் அமைப்பில் (எலும்பு ஜன்னல்), பக்கவாட்டு (சாகிட்டல்), முன்பக்க (கொரோனல்) இரண்டு மறுகட்டமைப்போடு. கேள்வி ஒன்றுதான்: முன்னால் இருக்கும் அந்தக் கோடு பின்னால் ஃபேசட், லாமினா (பின்பக்க எலும்புத் தகடு), முள்முனை வரை போகிறதா? போனால் முதுகெலும்பின் மூன்று தூண்களும் (முன், நடு, பின் பகுதிகள்) உடைந்துவிட்டன. அது நிலையற்ற முதுகு, எத்தனை லேசாக வலித்தாலும்.

காரணம் எளிது. சாதாரண முதுகில் ஒவ்வொரு டிஸ்க்கும் கொஞ்சம் கொஞ்சம் வளைந்து அதிர்ச்சியைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒட்டிப்போன முதுகு நீளமான ஒற்றை எலும்பு, தொடை எலும்பு மாதிரி. அதில் ஓரிடம் உடைந்தால் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் இரண்டு நீண்ட கைப்பிடிகள். குனிவது, திரும்புவது எல்லாம் அந்த ஒரே இடத்தில் சேரும். எலும்பு சேர நேரமே கிடைக்காது. அரிப்பு, வெண்மை, அகன்ற இடைவெளி எல்லாம் அந்தத் தேய்ப்பில் வருவது. பார்க்க அழற்சி போலவே இருக்கும். இன்னொரு வழியும் உண்டு: முதுகெல்லாம் ஒட்டி, ஒரே ஒரு டிஸ்க் மட்டும் ஒட்டாமல் மிஞ்சினால் அசைவெல்லாம் அதன் தலையில் விழும். உடையாமலே அது சிதையும்.

#7 படம்_படிப்பவள்

சி.டி. விஷயத்தில் முழு உடன்பாடு. எம்.ஆர்.ஐ.-யில் பின்பக்கக் கோடு தெரியாமல் போவது அடிக்கடி நடக்கும். ஆனால் எம்.ஆர்.ஐ.-யை விடவும் முடியாது. முதுகுத்தண்டுக்கு வெளியே இரத்தக்கட்டு, தண்டில் அழுத்தம், சீழ் ஆகியவை சி.டி.-யில் சரியாகத் தெரியாது. இரண்டும் வேண்டும்.

#8 குளக்கரை_மயிலை

அப்போ பயாப்ஸி (ஊசியால திசு எடுத்துப் பார்க்கறது) எல்லாருக்கும் வேணுமா? இதுதான் எல்லாரும் பயப்படற விஷயம்.

#9 முள்ளெலும்பு_அறுவை

என் நிலைப்பாடு: நம் ஊரில் காசநோய் சாதாரணமாகப் புழங்குவது. ஒரே ஒரு டிஸ்க், வேறெங்கும் அழற்சி இல்லை, சி.டி.-யில் பின்பக்க விரிசலும் இல்லை என்றால் பயாப்ஸி எடுக்காமல் டி.என்.எஃப். ஊசி (டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுப்பது) ஆரம்பிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

#10 மூட்டுவாதம்_கீழ்ப்பாக்கம்

அந்த வரையறையோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அதைத் தாண்டி எல்லோருக்கும் பயாப்ஸி ஊசி குத்த வேண்டாம். பல மட்டங்களில் ரோமானஸ் வெளுப்பு, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, தசை சுத்தம், வலி காலை விறைப்பு வகை, முழு அளவு வலிநிவாரணி மாத்திரைக்கு இரண்டு வாரத்தில் இறங்குகிறது: இப்படிப்பட்டவருக்குப் பயாப்ஸி தேவையில்லை. பின்பக்க விரிசல் தெளிவாகத் தெரிபவருக்கும் தேவையில்லை. அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தால் அப்போதே திசு அனுப்பலாம்.

காசநோய்க்கான ஐ.ஜி.ஆர்.ஏ. இரத்தச் சோதனை (டி.பி. கோல்ட் அதில் ஒன்று) பற்றியும் ஒரு தவறான புரிதல் உண்டு. டி.பி. கோல்ட் பாசிட்டிவ் என்றால் முதுகில் காசநோய் என்று அர்த்தமில்லை. உடம்பில் கிருமி உறங்கிக்கொண்டிருக்கலாம், நம் ஊரில் ஏராளமானவர்களுக்கு அப்படித்தான். நெகட்டிவ் வந்தால் காசநோய் இல்லை என்றும் அர்த்தமில்லை. டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று திசு மட்டுமே சொல்லும்.

#11 முள்ளெலும்பு_அறுவை

பயாப்ஸி எடுப்பதானால் இவற்றைக் கவனியுங்கள். சி.டி. வழிகாட்டுதலில், உள்ளூர் மயக்க ஊசியோடு எடுப்பது. ஒட்டிப்போன முதுகில் டிஸ்க்கைச் சுற்றி எலும்புப் பாலம் இருக்கும், ஊசி உள்ளே போகும் பாதையை முன்பே படத்தில் பார்த்து வைக்க வேண்டும். குப்புறப் படுக்க முடியாதவருக்குப் பக்கவாட்டில் எடுக்கலாம். இரத்தம் இளக்கும் மாத்திரை எதுவானாலும் எப்போது நிறுத்துவது என்று எழுதிய மருத்துவரிடம் கேட்ட பிறகே நிறுத்துங்கள்.

எடுத்த திசுவை அனுப்புவதில்தான் அதிகம் கெடுகிறது. எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புச் சோதனை முடிந்தது, அந்த ஊசி வீண். குறைந்தது இரண்டு டப்பா: ஒன்றில் ஃபார்மலின், அது திசு நோயியலுக்கு. இன்னொன்றில் கிருமிநீக்கிய சலைன் மட்டும். அது சாதாரண வளர்ப்பு, காசநோய் வளர்ப்பு, சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) மூன்றுக்கும். சிபிநாட் முடிவு சில மணி நேரத்தில் வந்துவிடும், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதையும் சொல்லும். திரவ ஊடகக் காசநோய் வளர்ப்பு ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும். சிபிநாட் நெகட்டிவ் என்று ஃபைலை மூடிவிடாதீர்கள்.

காய்ச்சல் இருந்தால் இரத்த வளர்ப்பு இரண்டு செட், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன். காலில் பலவீனம் இல்லாதவருக்கு, உடம்பு நிலையாக இருந்தால், பயாப்ஸி முடியும் வரை ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடுவதே நல்லது. மூன்று நாள் மாத்திரை விழுங்கிவிட்டு எடுத்தால் வளர்ப்பில் ஒன்றும் வராமல் போகலாம். காய்ச்சாத பால் குடிப்பவர், மாட்டுக் கொட்டகையில் வேலை செய்பவர் என்றால் மாட்டிலிருந்து பரவும் புரூசெல்லா கிருமிக்கான இரத்தச் சோதனையும் சேர்த்து எழுதுங்கள்.

திசுவில் வெறும் நார்த்திசுவும் நாட்பட்ட அழற்சி அணுக்களும் மட்டும், கிரானுலோமா (காசநோயில் வழக்கமாகக் காணும் அணுக் கொத்து) இல்லை, கிருமி இல்லை என்றால் அது ஆண்டர்சன் பக்கம்.

#12 மூட்டுவாதம்_கீழ்ப்பாக்கம்

காசநோய் என்று உறுதியானால் மனம் உடைய வேண்டாம். அரசுத் திட்டத்தில் மாத்திரை இலவசம்; எலும்புக்குப் பொதுவாக 12 மாதம், தேவைப்பட்டால் 18 வரை நீட்டுவார்கள். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் முதுகெலும்புக் காசநோய்க்கும் குறுகிய கால மாத்திரைச் சிகிச்சையை ஆய்ந்த இடம். இடையில் நிறுத்தாமல் முடிப்பதே முக்கியம். அதுவரை டி.என்.எஃப். ஊசி கூடாது.

அழற்சி வகைக்கு இனி மருந்து. முதல்படி வலிநிவாரணி, முழு அளவில், தவறாமல். நாப்ராக்சன் 500 மி.கி. இரண்டு வேளை, அல்லது எட்டோரிகாக்சிப் 60 அல்லது 90 மி.கி. ஒரு வேளை, அல்லது இண்டோமெதாசின் நாளுக்கு 75 முதல் 150 மி.கி. வலிக்கும்போது ஒன்று என்று விழுங்கினால் அழற்சி அடங்காது. ஒரு மருந்து இரண்டு வாரத்தில் பலன் தராவிட்டால் இன்னொரு மருந்து. மொத்தம் நான்கு வாரத்தில் இரண்டு மருந்தைச் சோதித்தும் நோய் அடங்காவிட்டால்தான் ஊசி. மெதோட்ரெக்சேட், சல்ஃபாசலசின் இரண்டும் முதுகெலும்புக்கு வேலை செய்வதில்லை. கை கால் மூட்டு வீங்கியவருக்குத்தான். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் கொடுப்பது கூடவே கூடாது. பலனும் இல்லை, ஏற்கெனவே பஞ்சான எலும்பு இன்னும் மெலியும்.

ஊசிக்கு முன் சோதனைகள்: நெஞ்சு எக்ஸ்ரே, ஐ.ஜி.ஆர்.ஏ. அல்லது மாண்டூ (காசநோய்க்கான தோல் சோதனை), ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி., கல்லீரல், கிரியேட்டினின். உறங்கும் காசநோய் இருந்தால் தடுப்பு மாத்திரை, ஐசோனியசிட் 6 மாதம் அல்லது வாரம் ஒரு முறை என 12 வாரம் ஐசோனியசிட்–ரிஃபாபென்டின். தடுப்பு மாத்திரை தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழிந்த பிறகே ஊசி. அவசரப்பட்டு இந்த ஒரு மாதத்தைத் தாண்டிவிடாதீர்கள்.

ஊசிகளின் அளவு: அடாலிமுமாப் 40 மி.கி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. எட்டனர்செப்ட் 50 மி.கி. வாரம் ஒன்று. செக்குகினுமாப் 150 மி.கி. முதல் ஐந்து வாரம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. கண்ணில் அழற்சி திரும்பத் திரும்ப வருபவருக்கு எட்டனர்செப்ட் பொருந்தாது. குடல் அழற்சி உள்ளவருக்கு செக்குகினுமாப் வேண்டாம். காசநோய்ப் பயம் அதிகம் உள்ளவருக்கு அடாலிமுமாப் போன்ற டி.என்.எஃப். ஆன்டிபாடிகளைவிட செக்குகினுமாப், எட்டனர்செப்ட் பக்கம் சாய்வோம். 12 வாரத்தில் மதிப்பிடுங்கள், அதற்குள் கைவிடாதீர்கள். மஜ்ஜை வீக்கம் வலியைவிட மெதுவாக மறையும், எனவே மாதாமாதம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

#13 மருந்துக்கடை_திருவான்மியூர்

கடைப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

அடாலிமுமாபுக்கு நம் நாட்டிலேயே தயாரான பயோசிமிலர் (மூல மருந்துக்கு ஒத்த நகல்) 2014-இல் வந்தது, அதன் பின் விலை இறங்கியது. பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிராண்டை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சேமிப்பு: 2 முதல் 8 டிகிரி. ஃபிரிட்ஜின் நடுத் தட்டில், உள்சுவரை ஒட்டாமல். கதவுத் தட்டில் வெப்பம் ஏறி இறங்கும். ஃப்ரீசருக்கு அடியில் உறைந்துவிடும். ஒரு முறை உறைந்த ஊசியை இளக்கிப் போடக் கூடாது, குப்பைக்குத்தான். மூல அடாலிமுமாபின் குறிப்பேட்டில் 25 டிகிரிக்குள் 14 நாள் வெளியே இருக்கலாம் என்றிருக்கும். மே மாதச் சென்னை வீட்டின் 'அறை வெப்பம்' அந்த 25 இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நீண்ட மின்வெட்டில் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. எடுத்துச் செல்லும்போது ஐஸ் பேக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு துண்டு. போடும் முன் 15 முதல் 30 நிமிடம் வெளியே வைத்தால் எரிச்சல் குறையும். வெந்நீரிலோ வெயிலிலோ சூடாக்கக் கூடாது, குலுக்கக் கூடாது.

மாத்திரை: எழுதிக் கொடுத்த நாப்ராக்சனோடு கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கைச் சேர்ப்பது நான் அடிக்கடி தடுக்கும் தவறு. ஒரே வகை மருந்து இரண்டு. வலி கூடுதலாகக் குறையாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சேதமும்தான் கூடும். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிடுபவர் கத்திரி வெயிலில் வியர்த்து, வாந்தி பேதியும் வந்தால் அன்றைக்கு வலிநிவாரணியை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும்.

#14 பிசியோ_தாம்பரம்

உடற்பயிற்சி ஏ.எஸ்.-க்கு உயிர்நாடிதான், ஆனா இந்த இழையில ஒரு நிபந்தனை போட்டே ஆகணும். டிஸ்க் சிதைவுன்னு ரிப்போர்ட் இருக்கும்போது விரிசல் இல்லைன்னு சி.டி. சொல்ற வரைக்கும் முதுகை வளைக்கிற, திருப்புற பயிற்சி எதுவும் வேண்டாம். மூச்சுப் பயிற்சி, கணுக்கால், தொடை தசை இறுக்கும் பயிற்சி, இதோட நிறுத்துங்க. குப்புறப் படுப்பது ஏ.எஸ்.-க்கு நல்ல பழக்கம், நாளுக்கு 15, 20 நிமிஷம். ஆனா விரிசல் உள்ளவருக்கு அது இடைவெளியைத் திறக்கும்.

அழற்சி வகைன்னு உறுதியானதும் தாமதிக்காதீங்க. மாசம் ஒரு தடவை மூணு அளவு எடுத்து எழுதி வைங்க. மார்பு விரிவு: நாலாவது விலா இடைவெளி மட்டத்துல டேப் போட்டு, முழுசா மூச்சை விட்டு, பிறகு இழுத்து, வித்தியாசம் பாருங்க, 2.5 செ.மீ.-க்குக் கீழ இருந்தா குறைவு. சுவருக்கும் பின்னந்தலைக்கும் தூரம்: குதிகால் சுவரை ஒட்டி நின்னு, தாடையைத் தூக்காம. அப்புறம் மாற்றிய ஷோபர்: இடுப்புக் குழி மட்டத்துல இருந்து மேல 10, கீழ 5 செ.மீ. குறிச்சு, குனியும்போது அந்த 15 எவ்வளவு நீளுதுன்னு பாருங்க. விரிசல் சந்தேகம் இருக்கிறவருக்கு ஷோபர் பார்க்கவே கூடாது.

பெல்ட் பற்றி: கடையில கிடைக்கிற எல்.எஸ். பெல்ட் இடுப்பைத்தான் பிடிக்கும். டி11–டி12-ஐ அது தாங்காது. நேரான ரெடிமேட் டெய்லர் பிரேஸ், கூன் விழுந்தவரைப் பின்னாடி இழுக்கும், முன்பக்க இடைவெளி திறக்கும். அவருடைய வளைவுக்கே அச்செடுத்துச் செய்த டி.எல்.எஸ்.ஓ. (நெஞ்சுல இருந்து இடுப்பு வரைக்கும் பிடிக்கிற பிரேஸ்) வேணும். எழுந்து நிற்கும் நேரம் முழுக்க அது உடம்புல இருக்கணும். நம்ம ஊர் வியர்வைக்கு உள்ளே தையல் இல்லாத பருத்தி பனியன், நாளுக்கு ரெண்டு தடவை மாத்துங்க. விலா ஓரமும் இடுப்பெலும்பு மேடும் சிவந்திருக்கான்னு தினம் பாருங்க.

இதைக் கைகூப்பிச் சொல்றேன்: ஏ.எஸ். உள்ளவங்க சலூன்ல தலை மசாஜ் முடிச்சு கழுத்தைத் திருப்பிச் சொடுக்க விடாதீங்க. உட்காரும்போதே "கழுத்து சொடுக்காதீங்க அண்ணே"ன்னு சொல்லிடுங்க. சுளுக்கு எடுக்கிறது, முதுகுல ஏறி மிதிக்கிறது, வேகமா முறுக்கிச் செய்யற எந்த வைத்தியமும் அதே கணக்குதான். ஒட்டின கழுத்து வளையாது, உடையும்.

#15 குளக்கரை_மயிலை

சி.டி.-யில் விரிசல் உறுதியானா ஆபரேஷன் கட்டாயமா? ஒரு கேள்வி கூட: டெக்சா ஸ்கேன்ல எலும்பு பலம் நார்மல்னு இருக்கும்போது எப்படி உடையுது?

#16 முள்ளெலும்பு_அறுவை

டெக்சா முதலில். இடுப்பு முதுகெலும்பை முன்னிருந்து எடுக்கும் டெக்சா, ஓரத்தில் வளர்ந்த எலும்புப் பாலங்களையும் சேர்த்து எண்ணிவிடும். வெளியே தடிப்பு, உள்ளே பஞ்சு. அதனால் எண் பொய்யாக நல்லதாக வரும். தொடை எலும்புக் கழுத்து அளவைப் பாருங்கள்.

அறுவை எல்லோருக்கும் இல்லை. பின்பக்கம் உறுதியாக இருந்து, நரம்புப் பிரச்சினை இல்லாமல், கூன் கூடாமல் இருந்தால் டி.எல்.எஸ்.ஓ.-வோடு சுமார் மூன்று மாதம் பார்த்து, மறுபடி சி.டி. எடுக்கலாம். மூன்று தூணும் உடைந்தது, கால் மரத்தல் அல்லது பலவீனம், கூன் மாதத்துக்கு மாதம் கூடுவது, பிரேஸ் போட்டும் அடங்காத வலி: இவற்றுக்கு அறுவைதான்.

அறுவையில் அடிக்கடி தோற்பது குட்டையான கம்பி. மேலே ஒரு மட்டம், கீழே ஒரு மட்டம் என்று ஸ்க்ரூ போட்டால் நீண்ட நெம்புகோல் அதைப் பிடுங்கிவிடும். உடைந்த இடத்துக்கு மேலும் கீழும் குறைந்தது இரண்டு, பெரும்பாலும் மூன்று மட்டம் வேண்டும். எலும்பு மிக மெலிந்திருந்தால் ஸ்க்ரூவைச் சுற்றி சிமெண்ட். முன்னால் பெரிய இடைவெளி இருந்தால் அதை நிரப்ப வேண்டும், இல்லையென்றால் பின்பக்கம் ஆப்பு வடிவில் எலும்பு எடுத்து மூட வேண்டும். கூனும் அதிலேயே கொஞ்சம் நிமிரும். பொய் மூட்டிலிருந்து (சேராமல் ஆடும் விரிசல்) திசு எடுத்து நான் மேலே சொன்ன இரண்டு டப்பாவிலும் அனுப்ப வேண்டும்.

மயக்க மருத்துவரை முன்பே பார்க்க வைப்பது கட்டாயம். வளையாத கழுத்தில் வழக்கமான முறையில் குழாய் செலுத்த முடியாது. விழித்திருக்கும்போதே ஃபைபர் ஆப்டிக் வழியாகச் செலுத்துவது பாதுகாப்பு. அடாலிமுமாப் போடுபவருக்கு அறுவையைக் கடைசி ஊசிக்குப் பின் மூன்றாம் வாரத்தில் வைத்து, காயம் ஆறித் தையல் பிரித்த பிறகு, ஏறத்தாழ 14 நாளில், மறுபடி தொடங்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும் அன்றே காப்பீட்டு மேசையில் காட்டி முன் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

#17 மூட்டுவாதம்_கீழ்ப்பாக்கம்

சிகரெட்டை விடச் சொல்ல மறந்தேன். ஏ.எஸ். வேகமாக முற்றும், உடைந்த எலும்பும் சேராது. இரண்டு காரணமும் இந்த நோயாளியிடம் ஒன்றாக நிற்கின்றன.

#18 பிசியோ_தாம்பரம்

கீழே விழுந்தா என்ன செய்யணும்னு யாராவது சொல்லிடுங்க டாக்டர். வீட்ல இருக்கிறவங்க கைத்தாங்கலா தூக்கி உட்கார வைக்கிறதுதான் பெரிய ஆபத்து.

#19 முள்ளெலும்பு_அறுவை

ஒட்டிய முதுகோடு விழுந்தவரை, வலி லேசாக இருந்தாலும், உட்கார வைக்காதீர்கள், ஆட்டோவில் ஏற்றாதீர்கள். 108-ஐ அழையுங்கள். வரும் வரை அப்படியே படுத்திருக்கட்டும். தலைக்கு அடியில் எத்தனை தலையணை வைத்து வழக்கமாகத் தூங்குவாரோ அத்தனை உயரம் கொடுங்கள். புரட்ட வேண்டியிருந்தால் மூன்று நான்கு பேர், தலை, தோள், இடுப்பு, கால் ஒரே நேரத்தில், மரக்கட்டையைப் புரட்டுவது போல.

ஆம்புலன்ஸ் ஊழியரிடம் முதல் வார்த்தையாக "கழுத்தை நேராக்காதீங்க, கூன் பழையது" என்று சொல்லுங்கள். சாதாரண நோயாளிக்குக் கழுத்தைத் தட்டையாக்கிக் கடினக் காலர் போடுவது வழக்கம், ஏ.எஸ். உள்ளவருக்கு அதே செயல் உடைந்த கழுத்தைப் பின்னுக்குத் திறந்து தண்டை நசுக்கும். மருத்துவமனையில் எக்ஸ்ரே நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பினால் ஏற்காதீர்கள். தோள்பட்டை மறைக்கும் கழுத்தின் கீழ்ப்பகுதி, சி5 முதல் சி7 வரை, அதிகம் உடையும் இடம். எக்ஸ்ரேயில் அங்கே ஒன்றும் தெரியாது. முழு முதுகெலும்பு சி.டி. கேளுங்கள், முழுவதும், ஏனென்றால் இரண்டாவது விரிசல் வேறிடத்தில் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து கால் கனத்தாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ, ஆசனவாய்ப் பக்கம் மரத்தாலோ இரத்தக்கட்டு தண்டை அழுத்துகிறது. அந்த நிமிஷமே எம்.ஆர்.ஐ.

#20 குளக்கரை_மயிலை

இதை ஒரு சின்ன அட்டையில எழுதி பர்ஸ்ல வைக்கலாமா? என்னென்ன எழுதணும்?

#21 முள்ளெலும்பு_அறுவை

வையுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும், ஆதார் அட்டை அளவில், லேமினேட் செய்து. "முதுகெலும்பு முழுவதும் ஒட்டிய ஏ.எஸ். நோயாளி. கூன் பழையது, கழுத்தை நேராக்க வேண்டாம். விழுந்திருந்தால் எக்ஸ்ரே போதாது, முழு முதுகெலும்பு சி.டி. தேவை. மூச்சுக்குழாய் செலுத்துவது கடினம், மயக்க மருத்துவரை அழைக்கவும்." அதன் கீழே போடும் ஊசியின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, இரத்தம் இளக்கும் மாத்திரை இருந்தால் அது, வீட்டில் ஒருவரின் கைபேசி எண். பின்பக்கம், பக்கவாட்டில் நின்று எடுத்த ஒரு சமீபத்திய புகைப்படம் ஒட்டுங்கள். வழக்கமான வளைவு எது என்று அவசரச் சிகிச்சையில் இருப்பவர் அதைப் பார்த்தே தலையணை வைப்பார்.